சிவந்த சவரனா, மின்னும் சவரனா: எது உயர்ந்த தரம்?

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்பத்தாவின் பெட்டியில் இரண்டு பிரிட்டிஷ் சவரன் காசுகள் இருந்தன. ஒன்று 1918-ஆம் ஆண்டுக் காசு. ஆண்டுக்கு மேலே சின்னதாக 'ஐ' என்ற ஆங்கில எழுத்து இருக்கிறது. காசு முழுக்கச் சிவந்துபோய், ஓரிடத்தில் ஆரஞ்சுப் புள்ளியும் விழுந்திருக்கிறது. மற்றது 1911, புதுசு போல மின்னுகிறது. நகைக்கடையில் காட்டினேன். சிவந்ததை ஆசிட்டில் போட்டு எடுத்தால் அதுவும் இப்படியே மின்னும் என்றார்கள். கழுவலாமா? எதற்குக் கிரேடு அதிகம்? அமெரிக்கக் கம்பெனிக்கு அனுப்பிக் கிரேடு வாங்கலாமா?"

முதலில், கழுவாதீர்கள். அனுப்பிய படங்களை வைத்துச் சொல்கிறேன், உங்கள் கையில் இருப்பதில் சிவந்ததுதான் நல்ல காசு. மின்னுகிற 1911 மீதுதான் எனக்குச் சந்தேகம்.

தங்கம் நிறம் மாறாது என்பது சொக்கத் தங்கத்துக்குச் சரி. சவரன் காசு 22 காரட். பன்னிரண்டில் பதினொரு பங்கு தங்கம், மீதி ஒரு பங்கு பெரும்பாலும் செம்பு. காற்றும் ஈரமும் படப்பட, மேற்பரப்பில் இருக்கும் செம்பு மெல்லச் சிவக்கும். நூறு வருடம் பெட்டிக்குள் கிடந்த காசு இப்படி ஆவது இயல்பு. எழுத்துகளைச் சுற்றியும் விளிம்பை ஒட்டியும் அடர்ந்து, நடுவே போகப்போக வெளுத்துத் தேன் நிறமாக இருந்தால், பெரும்பாலும் அது தானாக வந்த நிறம்தான். அந்த ஆரஞ்சுப் புள்ளியும் பயப்பட வேண்டியதில்லை. உருக்கும்போது சரியாகக் கலக்காத செம்புத் துணுக்கு ஒன்று அங்கே நின்றுவிட்டது, அவ்வளவுதான். அது உலோகத்துக்குள்ளேயே இருப்பது. தேய்த்தால் போகாது, தேய்த்த கோடுகள்தான் மிஞ்சும்.

நம் வீட்டுக் காசுகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பூஜையில் வைத்த காசு என்றால் குங்குமமும் மஞ்சளும் இடுக்குகளில் ஒட்டியிருக்கும். படத்தில் பார்த்தால் அதுவும் செந்நிறமாகத்தான் தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். குங்குமம் பொடிப்பொடியாக மேலே உட்கார்ந்திருக்கும். இயல்பான நிறத்துக்குக் கனமே இருக்காது, அடியில் இருக்கும் பளபளப்பு அதன் வழியாகத் தெரியும். எண்ணெய்ப் பிசுக்கு, மஞ்சள் மாதிரி அழுக்கு மட்டும்தான் என்றால், கலப்பில்லாத அசிட்டோனில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு எடுக்கலாம். நகப்பூச்சு நீக்கும் திரவத்தை ஊற்றிவிடாதீர்கள். கண்ணாடிப் பாத்திரத்தில், சன்னலைத் திறந்துவைத்து, அடுப்பு எரியாத இடத்தில் செய்யுங்கள். பிறகு டிஸ்டில்டு வாட்டரில் அலசி, மெல்லிய துணியில் ஒற்றி எடுங்கள். துடைக்கவே கூடாது. பூந்திக்கொட்டை, புளி, பற்பசை எதுவும் வேண்டாம். நகைக்கு அது பழக்கம், காசுக்கு அது கேடு.

சந்தேகப்பட வேண்டிய நிறம் வேறு. ஊதா, மயில் நீலம், பச்சை என்று 22 காரட் காசு வானவில் காட்டினால், யாரோ சூட்டாலோ ரசாயனத்தாலோ வரவழைத்திருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளிக்காசில் அந்த நிறங்கள் இயல்பாக வரும், தங்கத்தில் அபூர்வம். நிறத்துக்கு அடியில் நூல் நூலாக ஒரே திசையில் கீறல்கள் ஓடினாலும் கவனியுங்கள். என்றைக்கோ துடைத்துப் பளபளப்பாக்கிய காசு பிறகு மறுபடி நிறமேறியிருக்கிறது என்று அர்த்தம்.

சரி, கிரேடு. நிறத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள். கிரேடைத் தீர்மானிப்பது தேய்மானம். தேய்மானத்தைக் காட்டிக்கொடுப்பது அச்சுப் பளபளப்பு. அச்சில் அடிக்கும்போது உலோகம் மையத்திலிருந்து வெளியே பரவி நுண்ணிய ஆரக்கோடுகள் விழுகின்றன. டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஒற்றை பல்பின் கீழ் காசை விளிம்பில் பிடித்துச் சாய்த்துச் சுழற்றினால், அந்தக் கோடுகளில் பட்ட வெளிச்சம் சக்கரக்கால் போலச் சுற்றி ஓடும். கீழே ஒரு துணியை விரித்துக்கொள்ளுங்கள், தங்கம் மெத்தென்ற உலோகம், விழுந்தால் விளிம்பு நசுங்கும். அந்த வெளிச்சம் எங்கே அறுபடுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் காசில் பார்க்க வேண்டிய இடங்கள் இவை. தலைப்பக்கத்தில் ஐந்தாம் ஜார்ஜின் புருவம், காதுக்கு மேலே உள்ள முடி, மீசை. மறுபக்கத்தில் டிராகனைக் குத்தும் புனித ஜார்ஜின் தலைக்கவசம், தொடை, குதிரையின் தோள்பட்டை. இவைதான் மேடான இடங்கள், முதலில் தேய்வதும் இவைதான். இந்த மேடுகளிலும் வெளிச்சம் அறுபடாமல் ஓடினால் காசு புழங்காதது; காசுக்குக் கிரேடு போட 1949-இல் ஷெல்டன் என்ற அமெரிக்கர் வகுத்த 70 புள்ளி அளவில் 60-உம் அதற்கு மேலும். மேடுகளில் மட்டும் மங்கி, மற்ற இடமெல்லாம் ஓடினால் 50 முதல் 58 வரை. எழுத்துகளின் இடுக்கில் மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தால் அதற்கும் கீழே, பிரிட்டிஷ்காரர்கள் வெரி ஃபைன் என்று சொல்லும் தரத்தை ஒட்டி வரும். மீசை மயிர் தெளிவாக இல்லை என்பதற்காக மட்டும் தேய்மானம் என்று முடிவுகட்ட வேண்டாம். அச்சு அழுத்தமாக விழாவிட்டாலும் அப்படி இருக்கும். ஆனால் அங்கே பளபளப்பு இருக்கும், தேய்ந்த இடத்தில் இருக்காது.

படத்தை நம்பலாம் என்றால், உங்கள் 1918 காசில் குதிரையின் தோளிலும் புருவத்திலும் மட்டும்தான் மங்கல். 55-ஐ ஒட்டிச் சொல்வேன். அரசரின் கன்னத்துக்கு எதிரே உள்ள வெற்றிடத்தில் தெரியும் சிறு வெட்டுகள், காசோடு காசு மூட்டையில் உரசியதால் வந்தவை. அவற்றைத் தேய்மானம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது அந்த 1911. அது வெளிறிய மஞ்சளாக, மேடு பள்ளம் வித்தியாசமில்லாமல் ஒரே சீராக மின்னுகிறது. ஆசிட்டில் முக்கினால் மேற்பரப்புச் செம்பு கரைந்துபோய்த் தங்கம் மட்டும் நிற்கும், அப்போது வரும் நிறம் இது. கூடவே, கிரீடம் இல்லாத அந்த அரசர் தலைக்கு நேர் மேலே விளிம்பின் கீற்றுகள் ஒரு சிறு இடத்தில் அடைபட்டிருக்கின்றன. காசுமாலையில் கோர்க்கவோ பதக்கமாகத் தொங்கவிடவோ வளையம் பற்றவைத்து, பிறகு அறுத்தெடுத்து அரத்தால் ராவிய தடயமாகத்தான் எனக்குத் தெரிகிறது. நம் பக்கத்துச் சவரன்களில் இது நிறையவே உண்டு. காசுக்குக் கிரேடு போடும் அமெரிக்கக் கம்பெனிகளான பிசிஜிஎஸ், என்ஜிசி இரண்டுமே இப்படிப்பட்ட காசுக்கு எண் தருவதில்லை; "டீடெயில்ஸ்" என்று எழுதிக் குறையையும் குறித்துவிடுவார்கள். சேகரிப்பவருக்கு அது தங்க விலைக் காசு. உங்கள் சிவந்த காசையும் ஆசிட்டில் போட்டால் அதே வரிசைக்குப் போய்விடும்.

உண்மையான காசுதானா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். எடை 7.988 கிராம், விட்டம் 22.05 மில்லிமீட்டர். நகைக்கடையில் 8 கிராம் என்று கணக்குப் போடுவார்கள், அதனால் 7.98 காட்டுகிறதே என்று கலங்க வேண்டாம். சட்டப்படி புழங்கக் குறைந்தபட்ச எடை 7.938. அதற்கும் கீழே போனால் விசாரிக்க வேண்டும். நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தால் எடை சுமார் 0.45 கிராம் குறைய வேண்டும். அரை கிராமுக்கு மேல் குறைந்தால் தங்கம் குறைவு. எடையும் மாற்றும் சரியாகவே இருக்கும் போலிகளும் உண்டு. கடந்த நூற்றாண்டின் நடுவில் பெய்ரூட் பக்கம் அடித்தவை பெயர்போனவை. அவற்றில் எழுத்து விளிம்பு கூர்மையில்லாமல் வழவழவென்று இருக்கும், வெற்றிடத்தில் சின்னச் சின்னப் புடைப்புகள் தெரியும்.

'ஐ' என்பது இந்தியாவைக் குறிக்கும் அச்சகக் குறி. முதல் உலகப் போர்க் காலத்தில் லண்டன் ராயல் மின்ட் பம்பாயில் ஒரு கிளை திறந்து, 1919-இல் மூடிவிட்டது. இந்தக் குறியோடு வந்தவை எல்லாமே 1918 என்றே ஆண்டு போட்டவை, சுமார் 13 லட்சம் காசுகள். ஒரே ஆண்டுக் காசு என்பதால் சேகரிப்பவர்கள் விரும்புகிறார்கள். ஆனாலும் அரிய காசு என்று சொல்ல மாட்டேன். தங்க விலைக்கு மேல் ஓரளவு கூடுதலை எதிர்பார்க்கலாம், பல மடங்கு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அதனால் அமெரிக்காவுக்கு அனுப்பும் செலவு தாங்காது. அதைவிட முக்கியம், இரண்டு காசும் நூறு வருடம் தாண்டியவை. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவை தொல்பொருள். தனி ஆள் நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. விற்பதென்றால் இங்கேயே, நாணயச் சங்கக் கண்காட்சிகளில் இரண்டு மூன்று பேரிடம் காட்டி விலை கேளுங்கள். இரண்டையும் சேர்த்துத் தராசில் வைக்க விடாதீர்கள், 1918-க்குத் தனி விலை பேசுங்கள்.

அதுவரை ரோஸ் காகிதத்தையும் பிவிசி உறையையும் தவிர்த்துவிட்டு, 22 மில்லிமீட்டர் கேப்சூலில் ஒவ்வொன்றாகப் போட்டு வையுங்கள். பிவிசி நாளாக ஆகப் பச்சையாகப் பிசுபிசுக்கும். முடிந்தால் 1911 காசின் விளிம்பை மட்டும், விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, சுற்றிவர நாலைந்து படம் எடுத்து அனுப்புங்கள். பற்றவைத்த தடயமா, வெறும் அழுக்கா என்று பார்த்துச் சொல்கிறேன்.