பெருவின் காபோ பிளாங்கோ மீன்பிடித் தலமாகப் புகழ்பெற்றது ஏன்?

காபோ பிளாங்கோ என்பது தென் அமெரிக்காவில், பெரு நாட்டின் வடகோடியில், பசிபிக் கரையோரம் அமைந்த சிறிய மீனவர் ஊர். தூண்டிலில் பெருமீன் பிடிப்பதையே பொழுதுபோக்காகக் கொண்ட செல்வந்தர்கள் 1950களில் அதைத் தேடி வந்ததற்குக் காரணம், தெற்கிலிருந்து வரும் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டமும் வடக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரும் அங்கு சந்திப்பதே. சாம்பாரின் அடியில் தங்கிய பருப்பைக் கரண்டி கிளறி மேலே கொண்டுவருவதுபோல, கரையோரக் காற்று மேல்நீரை விலக்க, ஆழத்திலுள்ள சத்துகள் குளிர்நீரோடு மேலெழுகின்றன. அவற்றால் நுண்ணுயிர்கள் பெருக, அவற்றை உண்ண நெத்திலிக் கூட்டங்கள் வர, அடுத்தடுத்து பெரிய மீன்களும், கடைசியாக ஈட்டிபோல் மூக்கு நீண்ட மார்லினும் வந்து சேர்கின்றன. 1953 ஆகஸ்ட் 4 அன்று அமெரிக்கச் செல்வந்தர் ஆல்ஃபிரட் கிளாசெல் இங்கே பிடித்த கறுப்பு மார்லினின் எடை 1,560 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 708 கிலோ. தூண்டில் மீன்பிடிப்பில் அவ்வினத்துக்கான உலகச் சாதனை இன்றும் அதுவே. 1956-இல் அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வேயும் வந்து மீன்பிடித்தார். (ஊரின் பெயர் பரவியதில் அவருக்கும் பங்குண்டு, மீன் வளத்தில் நிச்சயமாக இல்லை.)

வெப்பமண்டலக் கடல் என்றாலே வெதுவெதுப்பான நீரில்தான் மீன்வளம் மிகுதி என்று பலர் எண்ணுகின்றனர். இங்கோ மீன்களுக்கான உணவை வளர்ப்பது குளிர்ந்த நீர்தான்.