பெயர்த்தெடுக்க முடியாதவை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

அண்மையில் முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவைப் பார்த்தேன். இடிபடவிருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். நகரம் விழுங்கும் கிராமங்களின் மரபைக் காக்க இந்த வழியே போதும் என்று தோன்றுகிறது. நகரத்துக்குள் பழைய தெருக்களை அப்படியே வைத்திருக்கச் சொல்வது, அங்கே வாழ்பவர்களின் முன்னேற்றத்தைத் தடுப்பதாகாதா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

1891இல் ஆர்தர் ஹசேலியஸ் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய ஸ்கான்சென் முதல் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா வரை, திறந்தவெளி அருங்காட்சியகங்கள் செய்துவருவது பெரும்பணி. ஆனால் அவை காப்பது வீட்டை. ஊர் என்பது வீடுகளுக்கு நடுவே இருப்பது: குளம், களம், மந்தை, தேர் திரும்புவதற்கென்றே அகலம் விட்ட தெருமுனை, இவற்றை யார் எப்போது எப்படிப் பயன்படுத்தலாம் என்ற முறைகள். செட்டிநாட்டு வீட்டைப் பெயர்த்து வந்துவிடலாம். அந்த ஊர்க் கூரைகளின் மழைநீர் போய்ச் சேர்ந்த ஊருணியை எப்படிப் பெயர்ப்பது?

வீடுகளை மட்டும் விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லியைப் பார்க்க வேண்டும். அங்கே 1908இல் வருவாய்த்துறை, விளைநிலத்திலிருந்து பிரித்துக் காட்டுவதற்காக, ஊர்க் குடியிருப்பைச் சுற்றி வரைபடத்தில் சிவப்புக் கோடு வரைந்தது. விடுதலைக்குப் பின் நகரம் விரிந்தபோது கோட்டுக்கு வெளியே இருந்த வயல்கள் கையகப்படுத்தப்பட்டன. உள்ளே இருந்த குடியிருப்புகள் அப்படியே விடப்பட்டதோடு, கட்டட விதிகளிலிருந்தும் விலக்குப் பெற்றன. மரபுக்குக் காட்டிய பரிவு போல இது தெரியும். விளைந்ததோ வேறு. நிலத்தை இழந்த குடும்பத்துக்கு எஞ்சிய சொத்து வீட்டுமனை மட்டுமே என்பதால், அதன்மேல் மாடிமேல் மாடி எழுப்பி வாடகைக்கு விடுவதே பிழைப்பாயிற்று. ஷாப்பூர் ஜாட், ஹவுஸ் காஸ் போன்ற ஊர்களில் முற்றங்கள் மறைந்தன. ஆடையகங்களும் உணவகங்களும் வந்தன. அவ்வூர் மக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வயலைப் பறித்துக்கொண்டு திண்ணையை மட்டும் காப்பாற்று என்பது நியாயமில்லை.

முன்னேற்றம் பற்றிய உங்கள் கேள்விக்கு, தென்கொரியத் தலைநகர் சியோலில் மரபு வீடுகள் நிறைந்த புக்சோன் பகுதி ஓரளவு விடை தருகிறது. அங்கே 2001 முதல், தம் மரபு வீட்டைத் தாமாக முன்வந்து பதிவுசெய்யும் உரிமையாளருக்கு, அதைச் செப்பனிட மாநகர அரசு பண உதவி செய்தது. வீடுகள் நிலைத்தன. பிறகு சுற்றுலாக் கூட்டம் பெருகிக் குடியிருப்போரை வாட்டியது. 2024 நவம்பர் முதல் சில தெருக்களில் மாலை 5 மணியிலிருந்து மறுநாள் காலை 10 மணிவரை சுற்றுலாப் பயணிகளுக்குத் தடை விதித்தார்கள். குடியிருப்பவர் வெளியேறிய மரபுத் தெரு வெறும் கடைவீதிதான் என்பதால், நான் இந்தத் தடையை ஆதரிக்கிறேன்.

நம்மிடம் நிலைமை இன்னும் அடிப்படையானது. 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது 25 ஊராட்சிகளும் அதில் இணைந்தன. ஊராட்சி மறையும்போது, குளத்தையும் மந்தையையும் பற்றி ஊரார் கூடிக் கேள்வி கேட்க இடமளித்த கிராம சபையும் மறைகிறது. இணைப்பு ஆணை வெளிவருவதற்கு முன்பே ஊரின் பொது இடங்களையெல்லாம் அளந்து பதிவுசெய்து, அவற்றில் எதை மாற்றுவதானாலும் அந்தப் பழைய ஊரின் குடியிருப்போரிடம் ஒப்புதல் பெற வேண்டுமென விதி செய்யலாம். வீடுகளுக்கான மானியத்தை அதன்பின் பேசிக்கொள்ளலாம்.