கலங்கிய தேத்தண்ணி

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். நான்கு வருடமாக வெள்ளவத்தையில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். அறையில் புழுக்கம் தாங்காமல் நானே ஐஸ் டீ போட்டுக் குடிக்கப் பழகியிருக்கிறேன். இதை 1904இல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் ரிச்சர்ட் பிளெச்சிண்டன் என்பவர் கண்டுபிடித்தார் என்று வாசித்தேன். போன வாரம் நல்ல தூள் வாங்கி, திக்காகச் சாயம் இறக்கி, ஆறவிட்டு பிரிட்ஜில் வைத்தேன். காலையில் பார்த்தால் சேற்றுத் தண்ணீர் போலக் கலங்கியிருந்தது. தூளில் கலப்படம் என்று நினைத்துக் கொட்டிவிட்டேன். எந்தக் கம்பனித் தூள் வாங்கினால் கலங்காது?

இன்னொன்று. அந்த டீயோடு ஜன்னலோரம் உட்கார்ந்தால் மனசு ஜப்பான், துருக்கி, டார்ஜிலிங் என்று எங்கெங்கோ போகிறது. பாஸ்போர்ட்கூட இல்லாதவனுக்கு எதற்கு இந்தக் கனவு என்று கூட இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். நம் ஊரில் பார்க்க என்ன இருக்கிறது, தேயிலையும் மழையும்தானே? இப்படி யோசிப்பது வாழ்க்கையிலிருந்து தப்பி ஓடுவதா? பனிக்கட்டி போட்ட தேநீர் நம் பண்பாட்டுக்கு ஒத்து வருமா என்றும் சொல்லுங்கள்.

க.
வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். மூன்று முறையும் ஒரே சொல்லில் நின்றுவிட்டேன். "கொட்டிவிட்டேன்."

ஒரு வாய் குடித்துப் பார்த்தீர்களா? மோந்து பார்த்தீர்களா? ஒரு கோப்பையில் ஊற்றித் திரும்பச் சூடாக்கினால் என்ன ஆகும் என்று தோன்றவில்லையா? ஜப்பான்வரை போகிற மனசு, கைக்கெட்டிய போத்தலுக்குள் போகாமல் நின்றுவிட்டதே. உங்கள் மேல் எனக்குக் கோபம் அந்த ஒரு இடத்தில்தான். மற்றதெல்லாம் அப்புறம்.

அது கலப்படம் இல்லை. தேயிலையை அரைத்துப் பரப்பிவைக்கும்போது அது காற்றுப் பட்டுச் சிவக்கிறது. அந்தச் சிவப்புக்குக் காரணமான தியாஃபிளேவின், தியாரூபிஜின் என்ற பொருள்கள் வெந்நீரில் நன்றாகக் கரையும். காஃபீனும் கரையும். தண்ணீர் ஆற ஆற இவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கரைய முடியாமல் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகப் பிரிந்து மிதக்கின்றன. அந்தத் துகள்கள்தான் உங்களுக்குச் சேறாகத் தெரிந்தவை. கொஞ்சம் வெந்நீர் ஊற்றியிருந்தால் உங்கள் கண்ணெதிரே தெளிந்திருக்கும். சாயம் வலுவாக இருந்தால்தான் இப்படி நன்றாகக் கலங்கும். தண்ணீராய்ப் போன தேத்தண்ணி கலங்காது தம்பி. உங்கள் தூள் நல்ல தூள். நல்லதாக இருந்த குற்றத்துக்காக அதைச் சாக்கடையில் ஊற்றியிருக்கிறீர்கள்.

இதை எனக்கு முதலில் காட்டியவர் என் அம்மா.

தலவாக்கலைப் பக்கம் எங்கள் தோட்டம். காலையில் ஐந்து மணிக்கு அடுப்பைப் பற்றவைத்து, ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொடுக்கும் டஸ்ட் தூளில் சாயம் இறக்கி, சீனி இருந்தால் சீனி போட்டு, ஒரு பழைய சாராயப் போத்தலில் ஊற்றிக்கொள்வார். மூடி கிடையாது. சீலைத்துணியைச் சுருட்டி அடைப்பார். வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களம் முடிந்து மலைக்குப் போனதும் தண்ணீர்ப் பீலிக்குக் கீழே இருக்கும் கானில், அந்த வாய்க்காலில், தண்ணீர் படுகிற மாதிரி ஒரு கல்லுக்குப் பின்னால் அந்தப் போத்தலைப் படுக்கவைப்பார். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் ரொட்டியும் சம்பலும் எடுத்துக்கொண்டு நான் போவேன். இடுப்புப் படங்கோடு கானுக்குள் இறங்கி, போத்தலை எடுத்து, துடைத்து, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். காலையில் தேன் மாதிரி இருந்தது இப்போது உள்ளே புகை அடைத்த மாதிரி இருக்கும். "மூட்டம் போட்டிருச்சுடா" என்பார். எதிர்மலையில் பனி இறங்குவதற்கும் அதே சொல்தான். மூட்டம் போடவில்லை என்றால் அம்மாவுக்குப் பிடிக்காது. "இந்த மாசத் தூளு சரியில்ல" என்று சொல்லிவிடுவார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் தினமும் போத்தலைத் தூக்கிப் பார்த்து, தூளுக்கும் மூட்டத்துக்கும் உள்ள தொடர்பைத் தானாகக் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

பல வருடம் கழித்து, கொழும்பில் ஒரு தேயிலைத் தரகுக் கம்பனியில் பியோனாக இருந்த சொந்தக்காரர் ஒருவர் என்னைச் சுவைபார்க்கும் அறைக்குள் கூட்டிப்போனார். நீள மேசையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஊறின இலை. சுவை பார்ப்பவர் ஒரு கரண்டியை உறிஞ்சுவார், வாய்க்குள் சுழற்றுவார், துப்புவார், நகர்வார். ஓரத்தில் ஆறிப்போன கோப்பைகள் சில இருந்தன. அதில் ஒன்று எங்கள் அம்மாவின் போத்தல் மாதிரியே மூட்டம் போட்டிருந்தது. அவர் அதைக் காட்டிப் பக்கத்தில் இருந்தவரிடம் பாராட்டிப் பேசினார். ஆறும்போது இப்படி ஆடை கட்டுவது நல்ல தேயிலைக்கு அடையாளமாம். எனக்கு அந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டது. சம்பளத்துக்கு அவர் சொன்னதை, கானுக்குள் நின்றுகொண்டு என் அம்மா சும்மா சொல்லியிருக்கிறார். அன்றைக்குக் கொழுந்து நிறை குறைந்தால் அம்மாவுக்கு விழுவது அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்.

செயின்ட் லூயிஸ் கதையை விட்டுவிடுங்கள். 1870களில் வந்த அமெரிக்கச் சமையல் நூலிலேயே பனிக்கட்டி போட்ட தேநீர் இருக்கிறது. கண்காட்சியில் அது பேர் வாங்கியது, அவ்வளவுதான். பண்பாட்டுக் கேள்விக்கும் நான் நேரம் செலவழிக்கப் போவதில்லை. கானில் குளிரவைத்த தேத்தண்ணியைக் குடித்து வளர்ந்தவர்கள் நாம். எந்தக் கம்பனித் தூள் என்று கேட்டதற்கும் பதில் இல்லை. கடையில் நாலு தூளை வாங்கி நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஆனால் "நம் ஊரில் பார்க்க என்ன இருக்கிறது" என்றீர்களே, அதை விடமாட்டேன். உங்கள் தோட்டத்து ஸ்டோர் எத்தனை மாடி? அந்தக் கட்டடத்துக்கு ஏன் அத்தனை ஜன்னல்? பிறந்ததிலிருந்து பார்த்த கட்டடம்தானே, ஒரு நாளாவது யாரிடமாவது கேட்டீர்களா? கொழுந்தை வாட்டக் காற்று வேண்டும். அதற்காக மேல்மாடிகளை அப்படிக் கட்டினார்கள். இரவெல்லாம் அங்கே கிடந்து பாதி ஈரத்தை விட்ட பிறகுதான் கொழுந்து கீழே உருளைக்கு இறங்கும். ஒரு கிலோ தேயிலைக்கு நாலரை, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். உங்கள் அம்மாவின் முதுகில் ஏறி வந்த ஐந்து கிலோ ஒரு கிலோவாக எப்படிச் சுருங்குகிறது என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டாமா? ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று அடிக்கும்போது ஊவாத் தேயிலைக்கு ஒரு தனி மணம் வரும். உங்கள் பொகவந்தலாவைப் பக்கம் சேரும் திம்புள்ளைத் தேயிலைக்கு அந்தப் பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை. ஒரே மலைத்தொடர், இந்தப் பக்கச் சரிவுக்கு ஒரு காலம், அந்தப் பக்கச் சரிவுக்கு ஒரு காலம். உலகத்தின் இன்னொரு கோடியில் இதைக் காசு கொடுத்துத் தெரிந்துகொள்கிறார்கள். நீங்கள் மழை என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள்.

சரி, திட்டினது போதும். கனவைப் பற்றி உங்களிடம் வேறு மாதிரிப் பேச வேண்டும்.

தோட்டத்தில் பிறந்தவன் ஜப்பானை நினைத்தால் தப்பி ஓடுவதாம். கொழும்பில் பணக்காரர்கள் வாழும் கறுவாத்தோட்டத்தில் பிறந்தவன் நினைத்தால் அதற்குப் பெயர் ஆர்வமாம். உங்களோடு இருப்பவர்களிடம் இதை நான் சொன்னதாகச் சொல்லுங்கள். நம்முடைய ஆட்கள் ஆசைப்பட்டுப் பயணம் போனதே கிடையாது. அழைத்து வரப்பட்டோம், அனுப்பிவைக்கப்பட்டோம். 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தத்தில் நம் ஆட்கள் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இரண்டு அரசாங்கமும் எழுதிக்கொண்டன. என் மாமா குடும்பம் அப்படித்தான் போனது. கோச்சியில், அதாவது ரயிலில், தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம். வழியனுப்பத் தலவாக்கலை ஸ்டேஷனுக்கு அம்மா என்னைக் கூட்டிப்போனார். பெட்டி நகர ஆரம்பித்ததும் பிளாட்பாரம் முழுக்க எழுந்த அழுகைச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு அம்மா கோச்சிச் சத்தம் கேட்டாலே வாசல் கதவைச் சாத்துவார். எங்கள் லயத்தில் "பயணம்" என்பது துக்கச் சொல். அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்த பிள்ளை ஒருவன், யாரும் துரத்தாமல், யாரும் அனுப்பாமல், ஐஸ் டீயை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து துருக்கியை நினைக்கிறான். எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயமாகத் தெரிகிறது என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. நன்றாக நினையுங்கள் தம்பி. கேட்டுக் கேட்டு நினையுங்கள். துருக்கியின் ரீசே மலையில் கொழுந்தைக் கையால் பறிக்கிறார்களா, கத்தரியால் வெட்டுகிறார்களா? டார்ஜிலிங்குக்கு ஏறும் சின்ன ரயிலின் தண்டவாளம் இரண்டே அடி அகலம். நம் பதுளைக் கோச்சி ஐந்தரை அடித் தண்டவாளத்திலேயே பட்டிப்பொலவுக்குப் பக்கத்தில் 1,898 மீட்டர் ஏறிவிடுகிறது, எப்படி?

அம்மாவும் கனவு கண்டிருக்கிறார். அப்பா ஸ்டோரில் பெட்டி அடிக்கிறவர். அப்போதெல்லாம் பலகைப் பெட்டி, இப்போது கடதாசிப் பை. பெட்டியின் மேல் தோட்டத்துப் பெயர், தூளின் ரகம், எடை, இலக்கம் எல்லாம் கறுப்பு மையில் அடிப்பார். இரவில் அவர் விரல் நகத்தில் அந்த மை இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே அம்மா கேட்பார். "இத கொழும்புக்கு ஏத்துறீங்க. அதுக்கப்புறம் எங்க போகுது?"

அப்பாவுக்குத் தெரியாது. கணக்கப்பிள்ளையிடம் ஒரு நாள் கேட்டிருக்கிறார். உன் வேலையைப் பார் என்று பதில் வந்தது. அம்மா விடவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததும் என்னிடம் கேட்க ஆரம்பித்தார். நான் லண்டன் என்று சொன்னேன். "அத்தனையுமா?" என்றார். நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

பதில் தெரிய எனக்கு நாற்பது வயதாகிவிட்டது. ஈராக்குக்கும் ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் போகிறது. ஜப்பானுக்கும் போகிறது. ஜப்பானில் 1986 முதல் "கோகோ நோ கோச்சா" என்று போத்தலில் அடைத்த தேநீர் விற்கிறார்கள். பெயருக்கு மதியத்துக்குப் பிறகான தேநீர் என்று பொருள். வெயில் காலத்தில் குளிரக் குளிரக் குடிப்பார்கள். அதற்கு இலை நம் மலையிலிருந்து போகிறது. திம்புள்ளையும் நுவரெலியாவும் கண்டியும் அந்தப் போத்தலுக்குள் இருக்கின்றன. நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து கனவு காணும் ஊரில், உங்களைப் போல வேலை முடிந்து வந்த ஒருவர், உங்கள் பக்கத்து மலையைக் குளிரவைத்துக் குடித்துக்கொண்டிருக்கிறார்.

அம்மாவிடம் இதைப் போய்ச் சொன்னேன். அப்போது அவருக்குக் கண் மங்கிவிட்டது, வாசல் இஸ்தோப்பில்தான் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். ஜப்பான்காரர்கள் நம் தேத்தண்ணியைப் போத்தலில் ஊற்றிக் குளிரவைத்துக் குடிக்கிறார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார். "சீனி போட்டா, போடாமலா?"

எனக்குத் தெரியவில்லை. அடுத்த மாதம் விசாரித்துக்கொண்டு போய், போட்டதும் இருக்கிறது, போடாததும் இருக்கிறது என்று சொன்னேன். "மூட்டம் போடுமா?" என்றார். போடாதபடி பார்த்துக்கொள்வார்கள், கடையில் கலங்கியிருந்தால் யார் வாங்குவார் என்றேன். "பாவம்" என்றார்.

உங்களுக்குக் கலங்காமல்தான் வேண்டும் என்றால் வழி சுலபம். டஸ்ட் வேண்டாம், இலையாக இருக்கும் ரகம் வாங்குங்கள். ஒரு லீற்றர் பச்சைத் தண்ணீரில் நாலைந்து தேக்கரண்டி போட்டு, மூடி, இரவு பிரிட்ஜில் வைத்துக் காலையில் வடிகட்டுங்கள். குளிர்ந்த தண்ணீரில் காஃபீனும் துவர்ப்பும் குறைவாகத்தான் இறங்கும், அதனால் கலங்காது, நாக்கையும் பிடிக்காது. சீனியை மட்டும் தனியாக வெந்நீரில் கரைத்து ஊற்றுங்கள். எலுமிச்சம்பழம் பிழிந்தால் நிறம் வெளுக்கும். புளிப்பு பட்டால் அந்தச் சிவப்பு அப்படித்தான் மாறும், பயந்து அதையும் கொட்டிவிடாதீர்கள்.

ஆனால் ஒரு தடவையாவது பழையபடி திக்காகச் சாயம் இறக்கி, சீனி போட்டு, ஒரு வெள்ளைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றிக் குளிரவையுங்கள். காலையில் ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுக் குடியுங்கள். எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்