காட்டிலிருந்து ஒரு கிராமக் குடும்பத்துக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பதை எப்படிக் கணக்கிடுவது?

கொஞ்ச காலம் கேள்வித்தாளோடு வீடு வீடாக ஏறி இறங்கியவன் என்பதால் சொல்கிறேன். "காட்டிலிருந்து வருமானம் உண்டா?" என்று மொட்டையாகக் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். ஒரு பெரியவர் என்னிடம் அப்படித்தான் சொன்னார். அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்த சுவரை ஒட்டி ஆள் உயரத்துக்கு விறகு அடுக்கியிருந்தது! அவர் பொய் சொல்லவில்லை. கையில் காசாக வந்தால்தான் அவருக்கு அது வருமானம்.

அதனால் பொருள் பொருளாகக் கேளுங்கள். விறகு, தேன், காளான், தீவனம், மூலிகை என ஒவ்வொன்றிலும் விற்றது எவ்வளவு, வீட்டுக்கு வைத்துக்கொண்டது எவ்வளவு? 'கட்டு' என்ற அளவை நம்பாதீர்கள். தாய் கொண்டுவரும் கட்டும் மகள் கொண்டுவரும் கட்டும் ஒன்றல்ல. சிலவற்றையாவது தராசில் நிறுத்துப் பாருங்கள். காட்டுக்குப் போய்வருபவரிடமே கேளுங்கள், குடும்பத் தலைவரிடம் மட்டும் வேண்டாம்.

அடுத்த சிக்கல் ஞாபகம். போன வருஷம் பறித்த காளான் யாருக்கு நினைவிருக்கும்? சர்வதேச வனவியல் ஆய்வு மையமான சிஃபார் ஒருங்கிணைத்த, வறுமைக்கும் சுற்றுச்சூழலுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த 'பென்' ஆய்வில் 24 நாடுகளில் சுமார் 8,000 குடும்பங்களிடம் ஓராண்டு முழுக்க, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேட்டார்கள். 2014இல் வெளியான முடிவுகளின்படி, குடும்ப வருமானத்தில் சராசரியாக 22 சதவீதம் காட்டிலிருந்து வந்தது. மற்ற இயற்கை நிலங்களில் எடுப்பதையும் சேர்த்தால் 28. ஏழைகள் காட்டை அதிகம் நம்பியிருந்தாலும், அளவில் பார்த்தால் அதிகம் எடுப்பது வசதியானவர்கள்தான். பங்கு, தொகை இரண்டையும் தனித்தனியாகக் காட்டாவிட்டால் கதையே மாறிவிடும்.

விற்காத பொருளுக்கு உள்ளூர் விலை போடலாம். சந்தையே இல்லையென்றால், அதற்குப் பதிலாக வாங்கும் பொருளின் விலை, பண்டமாற்று, எடுக்க ஆகும் நேரம் என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் வருமானம் வேறு, நல்வாழ்வு வேறு. இந்தக் கணக்கில் சொந்த உழைப்பைக் கழிப்பதில்லை. அருகில் பொறுக்கிய விறகுக்கும் அரை நாள் நடந்து சுமந்த விறகுக்கும் ஒரே மதிப்பு. எனக்கு இது எப்போதும் உறுத்தும்.

ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு, சிஃபார், உலக வங்கி முதலியவை சேர்ந்து 2016இல் இதற்கென்றே ஒரு கேள்வித் தொகுப்பு வெளியிட்டன. அங்கிருந்து தொடங்குங்கள். நீளம் என்று யாராவது வெட்டச் சொன்னால், போய்வர ஆகும் நேரத்தைக் கேட்கும் கேள்வியில் மட்டும் கை வைக்க விடாதீர்கள். எங்கள் தாளில் முதலில் போனது அதுதான்.