அந்த ‘அவர்’ யார்?

அன்புள்ள ஐயா,

மூன்று வருடமாக இரவில் தூங்கும் முன் கொஞ்சம் எழுதுகிறேன். எனக்காகத்தான். போன வருடம் சில பக்கங்களைத் தோழி ஒருத்தியிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் நாலு பேரிடம் கொடுக்க, இப்போது ‘அடுத்தது எப்போது?’ என்று கேட்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் பேனாவை எடுத்தாலே அவர்கள் முகம் வந்து நிற்கிறது. எனக்காக எழுதியதுதான் உண்மை, இது வேஷம் என்று தோன்றுகிறது. பழையபடி பூட்டி வைத்துவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பூட்டுவதற்கு முன் மூன்று வருடப் பழைய பக்கம் ஒன்றை எடுத்துப் படித்துப் பாருங்கள். போன மாதம் அலமாரியை ஒழித்தபோது என் பழைய நோட்டு ஒன்று கிடைத்தது. பதினைந்து வருடம் இருக்கும். ஒரு பக்கத்தில் இரண்டே வரி: ‘அவர் சொன்னது சரிதான். இனிமேல் அந்தத் தப்பைச் செய்யக் கூடாது.’ அழுத்தி அடிக்கோடு வேறு. யார் அந்த அவர்? என்ன தப்பு? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அந்தத் தப்பை அதற்கப்புறம் எத்தனை முறை செய்தேனோ! எழுதியவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, அதனால் எதையும் சொல்லவில்லை. படிப்பவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பேரும் நானேதான்.

அதனால் ‘எனக்காக மட்டும்’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். லண்டனில் கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்த சாமுவேல் பெப்பீஸ் என்பவர் 1660 முதல் 1669 வரை எழுதிய நாட்குறிப்பு பெரும்பாலும் சுருக்கெழுத்து. மனைவி கண்ணில் படக்கூடாத சங்கதிகள் அதில் நிறைய. அதே மனிதர் அதை ஆறு தொகுதிகளாக பைண்டு செய்து, தன் காலத்துக்குப் பின் மற்றப் புத்தகங்களோடு ஒரு கல்லூரிக்குப் போய்ச்சேரும்படி ஏற்பாடும் செய்தார். ஒளித்து வைக்கிறவர் செய்கிற வேலையா இது? 1825-ல் அச்சிலேயே வந்துவிட்டது.

உங்களுக்கு இன்னும் நெருக்கமானவள் ஆன் ஃபிராங்க், இரண்டாம் உலகப்போரில் நாஜிகளுக்குப் பயந்து ஆம்ஸ்டர்டாமில் குடும்பத்தோடு ஒளிந்திருந்த யூதச் சிறுமி. 1944 மார்ச்சில், லண்டனிலிருந்து ஒலிபரப்பான டச்சு வானொலியில் ஓர் அமைச்சர் பேசினார். போர் முடிந்ததும் மக்களின் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் சேகரிக்க வேண்டும் என்றார். மறைவிடத்தில் அதைக் கேட்டவள், மே மாதத்திலிருந்து தன் நாட்குறிப்பைத் தனித்தாள்களில் திருப்பி எழுத ஆரம்பித்தாள். வெட்டினாள், சேர்த்தாள், கூட இருந்தவர்களுக்கு மாற்றுப் பெயர் யோசித்தாள். ஆனால் பழைய நோட்டையும் விடவில்லை. ஒருபக்கம் இது, ஒருபக்கம் அது. திருப்பி எழுதியதை வேஷம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, உங்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. முகம் தெரிந்த வாசகர் கொஞ்சம் ஆபத்தானவர்தான். அவர் எங்கே சிரித்தார், எங்கே ‘ஆஹா’ என்றார் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. என் நகைச்சுவைக் கட்டுரை ஒன்றை ஒருமுறை எல்லோரும் மெச்சினார்கள். அதே அச்சில் இன்னும் ஏழெட்டு எழுதித் தள்ளினேன். கடைசியில் எனக்கே கொட்டாவி வந்தது. அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை, நானாகப் போட்டுக்கொண்ட விலங்கு அது.

அதனால் இரவில் எழுதுவதை அப்படியே எழுதுங்கள், முகங்கள் வந்தால் வரட்டும். பத்து நாள் கழித்து, கொடுக்கலாம் என்று தோன்றுவதை மட்டும் வேறு தாளில் எழுதிப் பாருங்கள். ‘அவர்’ என்று வரும் இடத்தில் யார் என்று சொல்லுங்கள். சொல்லப் பிடிக்கவில்லையா, அந்தப் பக்கம் நோட்டிலேயே இருக்கட்டும். தோழி கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை.

என் நோட்டை மறுபடி அலமாரியிலேயே வைத்துவிட்டேன். அந்த ஆள் யாரென்று எப்போதாவது ஞாபகம் வந்தால் எழுதி வைக்க, அந்தப் பக்கத்தில் ஒரு பென்சிலையும் செருகியிருக்கிறேன்.