ஃப்ரீமேசன்கள் யார்? ரகசிய சங்கம் என்கிறார்களே, உண்மையில் அவர்கள் என்னதான் செய்கிறார்கள்?

என் அப்பா ஒரு ஃப்ரீமேசன். நான் பத்தாவது படிக்கும்போது அவர் இறந்துவிட்டார். நான் உறுப்பினர் இல்லை, ஆகவும் முடியாது. அப்பா இருந்த லாட்ஜில் பெண்களைச் சேர்ப்பதில்லை. ஆனாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பெயர். மேசன் என்றால் கொத்தனார். ஐரோப்பாவில் தேவாலயங்களும் கோட்டைகளும் கட்டிய கல்தச்சர்கள், வேலை நடக்கும் இடத்திலேயே ஒரு கொட்டகை போட்டுக்கொள்வார்கள். கல் செதுக்குவது, சாப்பிடுவது, தொழில் பேசுவது எல்லாம் அங்கேதான். அந்தக் கொட்டகைக்குப் பெயர் லாட்ஜ். (நம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜை நினைத்துக்கொள்ள வேண்டாம்.) எடின்பரோ நகரத்து லாட்ஜ் ஒன்றின் கூட்டக் குறிப்புகள் 1599 முதல் கிடைக்கின்றன. அப்புறம் மெல்ல மெல்ல, உளியையே தொடாத ஆட்களும் சேர ஆரம்பித்தார்கள். எலியாஸ் ஆஷ்மோல் என்ற ஆங்கிலேய அறிஞர், 1646 இல் தான் மேசன் ஆனதை நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். 1717 ஜூன் 24 அன்று லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்துக்கு அருகே ஒரு மதுக்கடையில் நான்கு லாட்ஜ்கள் கூடி, தங்களுக்கெல்லாம் தலைமையாக ஒரு கிராண்ட் லாட்ஜை உருவாக்கின. இன்றைய அமைப்பின் தொடக்கம் என்று அதைத்தான் சொல்வார்கள்.

கல்வேலை போய்விட்டது, சாமான்கள் மட்டும் தங்கிவிட்டன. மூலைமட்டம், கவராயம், மட்டம், தூக்குக்குண்டு என்று நம் கொத்தனார் பையில் இருப்பவைதான். இப்போது ஒவ்வொன்றும் ஒரு பாடம். மூலைமட்டம் என்றால் நடத்தையில் கோணல் இருக்கக் கூடாது. மட்டம் என்றால் லாட்ஜுக்குள் எல்லோரும் ஒரே உயரம். தூக்குக்குண்டு என்றால் நேராக நில். கவராயம், ஆசைக்கு ஒரு வட்டம் போட்டுக்கொள் என்பதற்கு. ரகசியம் என்று அவர்கள் காப்பது ஒருவரை ஒருவர் அடையாளம் காணும் கைகுலுக்கலும் சில சொற்களும்தான். மற்றபடி கட்டடத்தின் வாசலில் பெயர்ப்பலகையே தொங்கும். லாட்ஜுக்குள் மதச் சண்டையும் அரசியல் பேச்சும் கூடாது என்பது பழைய விதி. கடவுள் நம்பிக்கை வேண்டும், எந்தக் கடவுள் என்று கேட்க மாட்டார்கள். நம் நாட்டு லாட்ஜ்களில் கீதை, குர்ஆன், பைபிள் எல்லாம் ஒரே மேடையில் இருக்கும். சேருபவர் தன் நூலின் மேல் உறுதி எடுப்பார்.

நம் ஊருக்கு இது புதிதே இல்லை. கல்கத்தாவில் 1730 வாக்கில் லாட்ஜ் வந்துவிட்டது, சென்னையில் 1752 இல். ஆற்காடு நவாப் முகம்மது அலியின் மகன் உம்தத்துல் உமரா 1770களில் திருச்சியில் மேசன் ஆனார். இந்தியர்களில் முதல் மேசன் அவர்தான் என்பார்கள். அதைக் கேட்டு மகிழ்ந்த லண்டன் கிராண்ட் லாட்ஜ் அவருக்கு, மேசன்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் ஏப்ரன் ஒன்றையும் சட்டப் புத்தகம் ஒன்றையும் அனுப்பிவைத்தது. மெரினாவில் வெள்ளைத் தூண்களோடு இருக்கும் போலீஸ் தலைமையகத்தைப் பார்த்திருப்பீர்கள். அது 1839 இல் மேசன்கள் கட்டியது. 1865 இல் மாதம் 90 ரூபாய் வாடகைக்குப் போலீஸ் குடிவந்தது. 1874 இல் 20,000 ரூபாய்க்கு வாங்கிவிட்டது. இப்போதைய மேசன் ஹால் எழும்பூர்ப் பக்கம், எத்திராஜ் சாலையில்.

எல்லோரும் ஒரே மட்டம் என்று சொன்னவர்கள் எல்லா நேரமும் அப்படி நடந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத் என்பவர் 1863 இல் சேர விண்ணப்பித்தார். இந்துக்கள் பல தெய்வங்களைக் கும்பிடுபவர்கள், அவர்களை எப்படிச் சேர்ப்பது என்று வெள்ளைக்காரர்கள் மறித்தார்கள். அவர் விடவில்லை. ஒன்பது வருடம் எழுதி, வாதாடி, 1872 இல் உள்ளே போனார். இந்தியாவுக்கென்று தனி கிராண்ட் லாட்ஜ் வந்தது 1961 இல். பெண்கள் விஷயத்தில் எனக்கு இன்றும் வருத்தம்தான். பெண்களுக்கென்று தனி லாட்ஜ்கள் சில நாடுகளில் இருக்கின்றன. ஆனால் என் அப்பா உட்கார்ந்த அதே கூடத்தில் நானும் உட்கார வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.

சரி, என் காரணத்துக்கு வருகிறேன்.

அப்பா போன பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். மறுநாள் சாயங்காலம் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி, ஒருவர் மருந்துக்கடை வைத்திருந்த பாய், இன்னொருவர் கல்லூரி வாத்தியார். அப்பாவோடு மாதம் ஒருமுறை உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் என்பதைத் தவிர அவர்களுக்குள் ஒரு பொருத்தமும் எனக்குத் தெரியவில்லை. ஒருவரை ஒருவர் பிரதர் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். அம்மா காபி கொடுத்தார். பாய் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தங்கச்சி, பாப்பா படிப்பு எங்க பொறுப்பு. நீங்க யார்கிட்டயும் கேட்க வேண்டாம், எங்ககிட்டயும் கேட்க வேண்டாம்" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா கேரம் ஆடும்போது செய்யும் தில்லுமுல்லைச் சொல்லி அம்மாவைக் கொஞ்சம் சிரிக்க வைத்துவிட்டுப் போனார்கள்.

பணம் எங்கள் கைக்கு வரவே இல்லை. நேராகப் பள்ளி அலுவலகத்துக்குப் போய்விடும். பிறகு கல்லூரிக்கு. எங்களுக்கு ரசீது மட்டும் தபாலில் வரும். அம்மா அதையெல்லாம் ஒரு டேக்கில் கோத்து வைத்திருந்தார். ஏழு வருட ரசீதுகள். செலுத்தியவர் என்ற இடத்தில் ஒவ்வொன்றிலும் அப்பாவின் பெயர்.

அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்பது எனக்குப் பின்னாளில்தான் புரிந்தது. அப்பாவின் சின்னப் பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை வாசனையோடு ஆட்டுத்தோல் ஏப்ரன், வெள்ளை நிறம், வானநீலக் கரை. அதற்கடியில் உள்ளங்கை அகலத்தில் சடங்குப் புத்தகம். புதிதாகச் சேருபவர் உள்ளே வருவதற்கு முன் மோதிரம், கடிகாரம், சில்லறை என்று உலோகத்தையும் பணத்தையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். பிறகு அவரை லாட்ஜின் வடகிழக்கு மூலையில் நிறுத்துவார்கள். நமக்கும் ஈசானிய மூலைதானே முதலில். அவர்களுக்கும் அடிக்கல் போடும் மூலை அதுதான். அங்கே அவரிடம், ஏழைகளுக்காக ஏதாவது கொடு என்று கேட்பார்கள். அவர் சட்டைப்பையைத் தடவுவார். ஒன்றும் இருக்காது. எல்லோர் முன்னாலும் இல்லை என்று சொல்ல வேண்டும். இந்த நிமிடத்தை மறக்காதே, கையில் ஒன்றுமில்லாமல் ஒரு பிரதர் வந்தால் உன்னை நினைத்துக்கொள் என்பதுதான் அவர்களுக்கு முதல் பாடம். என் அப்பாவும் அந்த மூலையில் நின்றிருக்கிறார். வீட்டுக்கு வந்த மூன்று பேரும் நின்றிருக்கிறார்கள்.

இது எங்கள் ஊர்க்காரர்கள் கண்டுபிடித்த வழக்கமும் இல்லை. லண்டனில் ருஸ்பினி என்ற பல் வைத்தியர், இத்தாலியில் பிறந்தவர், 1788 இல் மேசன்களின் பெண் குழந்தைகளுக்காக ஒரு பள்ளிக்கு ஏற்பாடு செய்தார். தகப்பனை இழந்த, கஷ்டப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கு. 15 சிறுமிகளோடு தொடங்கிய அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. அதைப் படித்த அன்று அந்தப் பதினைந்து பேரையும் கூடப் பிறந்தவர்கள் மாதிரி நினைத்துக்கொண்டேன். இந்த உதவி, உறுப்பினர்களின் குடும்பத்தோடு நிற்பதுமில்லை. கோயம்புத்தூரில் குழந்தைகளுக்கான மேசன் மருத்துவமனை இருக்கிறது, டெல்லி வசந்த் குஞ்சில் பள்ளி இருக்கிறது. அமெரிக்காவில் மேசன்களின் கிளை அமைப்பான ஷ்ரைனர்கள், போலியோவில் கால் போன குழந்தைகளுக்காக 1922 இல் முதல் மருத்துவமனையைத் திறந்தார்கள். பிறகு தீக்காயத்துக்கும் தனி மருத்துவமனைகள் கட்டினார்கள்.

உலகத்தையே ஆட்டிவைக்கிறார்கள் என்ற கதைக்கு என்னிடம் பெரிய பதில் இல்லை. ஹிட்லரின் ஆட்களும் அதையே சொல்லித்தான் லாட்ஜ்களை மூடினார்கள், பலரை முகாமுக்கு அனுப்பினார்கள். நான் பார்த்தவர்கள் மாதக் கூட்டத்துக்குக் கறுப்புக் கோட்டை இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனவர்கள்.

வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கியதும், ஒரு கவரில் கொஞ்சம் பணம் போட்டு மருந்துக்கடைக்குப் போனேன். பாய்க்கு அப்போது கண்பார்வை மங்கிவிட்டிருந்தது. லாட்ஜ் தர்ம நிதிக்கு என்று சொல்லி நீட்டினேன். எண்ணிப் பார்க்காமல் மேசை டிராயரில் வைத்தார். ரசீதுப் புத்தகத்தை எடுத்து, "யார் பேர்ல எழுதணும்மா?" என்று கேட்டார்.

அப்பா பேரைச் சொன்னேன்.