கடிதத்தைக் கிழித்தால் ராஜினாமா கிழியாது

அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, கோவையில் 80 படுக்கை உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐ.சி.யு.வில் 14 மாதமாக வேலை பார்க்கிறாள். சென்னையில் இதைவிட நல்ல இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. போன வியாழக்கிழமை காலை டியூட்டி முடிந்ததும் ராஜினாமா கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். நர்சிங் சூப்பரிண்டெண்ட் அதைப் படித்துவிட்டு, மற்ற சிஸ்டர்கள் பார்க்க இரண்டாகக் கிழித்துப் போட்டு, "உன் சர்டிபிகேட் எல்லாம் எங்ககிட்டதான் இருக்கு, இனி எந்த ஆஸ்பத்திரியிலும் நீ வேலை பார்க்க முடியாது" என்று சொல்லியிருக்கிறார். இப்போது நீங்கள் கேட்பது, "நானும் அவள் அப்பாவும் சங்கரன்கோவிலில் பஸ் ஏறிப் போய் மன்னிப்புக் கேட்டு அவளை அங்கேயே இருக்க வைத்துவிடலாமா" என்று.

வேண்டாம். பஸ் ஏறாதீர்கள்.

அம்மா அப்பா போய் நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். "நாங்க சொந்தப் பொண்ணு மாதிரிதானே பார்த்துக்கிட்டோம்" என்று ஆரம்பிப்பார்கள், டீ வரும், நீங்கள் கூசிப்போய் உட்கார்ந்திருப்பீர்கள், கிளம்பும்போது உங்கள் வீட்டுக்காரர் ஏதாவது ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருப்பார். ஆலோசனைக்கு என்னிடம் வந்த ஒரு பெண்ணின் அப்பா, "என் மகள் இன்னும் ஒரு வருடம் வேலை பார்ப்பாள்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். 24 வயதுப் பெண்ணுக்காக! சட்டப்படி அந்தத் தாளுக்கு மதிப்பில்லை என்பது வேறு விஷயம், ஆனால் அந்தப் பெண் அதற்குப் பயந்தே இன்னும் ஐந்து மாதம் அங்கே இருந்தாள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். ராஜினாமா என்பது அனுமதி கேட்கும் மனு இல்லை, போகிறேன் என்கிற தகவல். நோட்டீஸ் காலம் (கடிதம் கொடுத்த பிறகு வேலை பார்க்க வேண்டிய நாட்கள்) எவ்வளவு, அதற்குப் பணம் எவ்வளவு என்று அவர்கள் பேசலாம். ஆனால் விருப்பமில்லாத ஒருவரை இங்கேதான் வேலை பார்க்க வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் கட்டிப்போடாது. 1963-ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது, குறித்தவகைத் தீர்வுச் சட்டம் என்று பெயர், அது இதைத்தான் சொல்கிறது.

கிழிக்கப்பட்டது காகிதம்தான். ஆனால் அவள் கடிதம் கொடுத்தாள் என்பதற்கு இன்றைக்கு அவளிடம் ஒரு ஆதாரமும் இல்லை, அதுதான் இப்போதைய பிரச்சினை, திட்டு வாங்கியது இல்லை. அதனால் இன்றைக்கே ஈமெயில் போக வேண்டும். எச்.ஆர்., நர்சிங் சூப்பரிண்டெண்ட், மெடிக்கல் டைரக்டர் மூன்று பேருக்கும், அவளுடைய சொந்த ஈமெயிலிலிருந்து. ஆஸ்பத்திரி கொடுத்த ஐ.டி.யிலிருந்து வேண்டாம், கோபம் வந்தால் முதலில் மூடுவது அதைத்தான். "வியாழக்கிழமை நேரில் கொடுத்த ராஜினாமாவின் தொடர்ச்சியாக எழுதுகிறேன்" என்று தொடங்கி, சொந்தக் காரணம் என்று ஒரு வரி, பணி நியமன ஆணைப்படி நோட்டீஸ் காலம் இத்தனை நாள், கடைசி வேலை நாள் இந்தத் தேதி, சேரும்போது ஒப்படைத்த அசல் சான்றிதழ்கள் இவை இவை, அவற்றை அந்தத் தேதியில் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். கடிதம் கிழிபட்ட கதை, சம்பளம் போதாத கதை, டபுள் டியூட்டி பார்த்த கதை எதுவும் அதில் வரக் கூடாது. எழுதும்போது கை துறுதுறுக்கும், தெரியும். அடக்கச் சொல்லுங்கள். அதே கடிதத்தை அச்செடுத்து ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைக்கட்டும். (ரெஜிஸ்டர் தபால் என்று போஸ்ட் ஆபீஸில் கேட்காதீர்கள், 2025-இல் அதை ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள்.)

அந்த சூப்பரிண்டெண்ட் ஏன் அப்படிக் கத்தினார் என்பதையும் சொல்கிறேன், நியாயப்படுத்த இல்லை. வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு ஒரு படுக்கைக்கு ஒரு நர்ஸ் இருக்க வேண்டும். புதிதாக வரும் பெண்ணை ஐ.சி.யு.வில் தனியாக விட ஆறு மாதமாவது ஆகும். கற்றுத் தேறியதும் வளைகுடா, ஜெர்மனி, சென்னை என்று கிளம்பிவிடுகிறார்கள். மேலே நிர்வாகம் ஆள் எடுக்காது, ரோஸ்டரில் விழும் ஓட்டையை அடைக்க வேண்டியது இந்த அம்மாதான். உங்கள் மகள் கடிதத்தை நீட்டியபோது அவர் கண்ணுக்குத் தெரிந்தது அடுத்த மாத நைட் டியூட்டி லிஸ்ட். அது அவர் பிரச்சினை, நிர்வாகத்தின் பிரச்சினை. உங்கள் மகள் தீர்க்க வேண்டிய பிரச்சினை இல்லை.

"வேலை கொடுத்த இடம், நன்றி கெட்டதனமாகத் தெரியாதா" என்று கேட்டிருக்கிறீர்கள். அக்கா, அவள் கையில் வாங்குவது 14,500 ரூபாய். உச்ச நீதிமன்றம் சொல்லி 2016-இல் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்கும் குறைவான ஆஸ்பத்திரியிலேயே நர்சுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், 50-க்கு மேல் 100 வரை படுக்கை இருந்தால் அரசு நர்ஸ் சம்பளத்தைவிட 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது என்றும் பரிந்துரைத்தது. பரிந்துரைதான், கட்டாயமில்லை, அதனால்தான் இன்னும் 14,500. நன்றிக்கணக்கு பார்த்தால் பாக்கி யார் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்போது பாண்ட். இரண்டு வருட பாண்ட், நடுவில் போனால் ஒரு லட்சம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள். வாட்ஸ்அப்பில் "பாண்டெல்லாம் செல்லாது, தூக்கிக் குப்பையில் போடு" என்று சுற்றுகிறதே, அதை நம்பாதீர்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்கு முன்னால் போனால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது பொதுத்துறை வங்கி, போட்டித் தேர்வு வைத்து ஆள் எடுக்கும் செலவு என்ற கணக்கு அங்கே இருந்தது. 80 படுக்கை ஆஸ்பத்திரி அதே வாதத்தை வைப்பது அவ்வளவு எளிதில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி, எழுதிய தொகையை உச்சவரம்பாக வைத்து நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும். 24 மாதத்தில் 14 மாதம் வேலை பார்த்தாயிற்று. தனியாகப் பயிற்சி எதுவும் கொடுத்தார்களா? வேறு ஊருக்கு அனுப்பிக் கோர்ஸ் படிக்க வைத்தார்களா? இல்லை என்றால் ஒரு லட்சம் என்பது மிரட்டல் விலை. எழுத்தில் கேட்டால் எழுத்திலேயே, "எந்தச் செலவுக்கு எவ்வளவு என்று கணக்குக் கொடுங்கள்" என்று பதில் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் கணக்கு வராது. வந்தால் மிச்ச மாதத்துக்கு ஏற்பப் பேரம் பேசலாம். புது ஆஸ்பத்திரி சில சமயம் இதில் ஒரு பங்கைக் கொடுக்கும், கேட்பதில் தப்பில்லை.

சேரும்போது தொகை எழுதாத செக் ஏதாவது வாங்கி வைத்தார்களா என்று அவளிடம் இன்றே கேளுங்கள். பிள்ளைகள் இதை வீட்டில் சொல்வதே இல்லை. கொடுத்திருந்தால் அந்த ஈமெயிலில் செக் நம்பரைப் போட்டு, பிணையாக மட்டும் கொடுத்தது, திருப்பித் தரவும் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். பிறகு வக்கீல் நோட்டீஸ் வந்தால் பீரோவுக்குள் வைக்காதீர்கள். செக் திரும்பியது என்று நோட்டீஸ் வந்தால் 15 நாள்தான் அவகாசம்.

சான்றிதழ்தான் உங்களை அதிகம் பயமுறுத்துகிறது என்று தெரிகிறது. பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி, கவுன்சில் பதிவு எல்லாம் அவர்கள் அலமாரியில். இருக்கட்டும். கல்விக் கட்டண பாக்கிக்காகக் கல்லூரிகள் சான்றிதழைப் பிடித்து வைத்த வழக்குகளில், சான்றிதழ் சந்தையில் விற்கும் சரக்கு இல்லை, அதை அடகுப் பொருள் மாதிரி வைத்துக்கொள்ள முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கல்லூரிக்கே இதுதான் என்றால் ஆஸ்பத்திரிக்கு என்ன? கடைசி நாளிலும் கொடுக்கவில்லை என்றால் அந்தப் பகுதி போலீஸ் ஸ்டேஷனில் எழுத்து மூலம் புகார் கொடுத்து புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கச் சொல்லுங்கள். அதோடு மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள், 15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள். நான் பார்த்த வரையில் சி.எஸ்.ஆர். ரசீதின் நகல் எச்.ஆர். மேஜைக்குப் போன மறுநாளே "நாங்க எங்க தரமாட்டோம்னு சொன்னோம்" என்பார்கள்.

"எங்கேயும் வேலை கிடைக்காது" என்பது வெறும் வாய்ச்சொல். அவள் பெயர் இருப்பது தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலின் பதிவேட்டில். 1926-ஆம் வருடச் சட்டப்படி நடக்கும் அந்தப் பதிவேட்டில் கைவைக்க எந்த சூப்பரிண்டெண்டாலும் முடியாது.

ஆனால் ஒரு விஷயத்தில் உண்மையாகவே சேதம் பண்ண அவர்களால் முடியும், அதற்கு நம் பிள்ளையேதான் கத்தியை எடுத்துக் கொடுக்க வேண்டும். நானே கொடுத்திருக்கிறேன். இந்த ஆலோசனை வேலைக்கு வருமுன் நானும் ஸ்டாஃப் நர்ஸ்தான். 2008-இல் இதே மாதிரி ஒரு ராஜினாமா, இதே மாதிரி ஒரு சத்தம். மறுநாள் நைட் டியூட்டிக்குப் போகாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். ரொம்ப வீரமாக இருந்தது. ஐந்து வருடம் கழித்து கத்தாருக்கு விண்ணப்பித்தபோது, முன்பு வேலை பார்த்த இடத்துக்கே நேராக எழுதிக் கேட்டுச் சரிபார்த்தார்கள். "சொல்லாமல் ஓடிப்போனவர்" என்று ஒரு வரி பதில் போனது. 19 மாத அனுபவம் கணக்கிலேயே வராமல் போயிற்று. இன்றும் வளைகுடா நாடுகளுக்கு டேட்டாஃப்ளோ என்ற நிறுவனத்தின் சரிபார்ப்பு அப்படித்தான் நடக்கிறது. உங்கள் மகளுக்கு இப்போது சென்னை போதும், மூன்று வருடம் கழித்து ஜெர்மனி வேண்டும் என்பாள். அப்போது இந்த 14 மாதமும் பேச வேண்டும்.

அதனால் நோட்டீஸ் காலத்தில் ஒருநாள்கூடச் சொல்லாமல் லீவு போடக் கூடாது. காய்ச்சல் வந்தாலும் மெசேஜ், டாக்டர் சீட்டு இரண்டும் வேண்டும். வேண்டுமென்றே தொடர்ந்து நைட் போடுவார்கள், மூன்று வென்டிலேட்டர் நோயாளியை ஒருத்தி தலையில் கட்டுவார்கள். பார்க்க முடியாத அளவுக்குப் போனால் இன்சார்ஜுக்கு அந்த நேரத்திலேயே எழுத்தில் தெரிவிக்கட்டும், ஆனால் ஷிஃப்ட் நடுவில் வெளியே நடக்கக் கூடாது. முக்கியமாக ஹேண்ட் ஓவர். ஃபென்டானில், மார்ஃபின் மாதிரி கடுமையான வலி மருந்து ஆம்பூல் (ஊசி மருந்துக் குப்பி) எத்தனை இருந்தது, எத்தனை போட்டது, காலி ஆம்பூல் எத்தனை, எல்லாம் அடுத்த சிஸ்டரோடு சேர்ந்து எண்ணி, ரிஜிஸ்டரில் இரண்டு கையெழுத்தும் விழுந்த பிறகுதான் கிளம்ப வேண்டும். போகிற ஆள் தலையில் கட்டுவதற்கு வசதியான சாமான் காணாமல் போன ஆம்பூலும் பல்ஸ் ஆக்சிமீட்டர் புரோபும்தான். நோயாளி விவரம் தெரிகிற பக்கத்தை போனில் படம் எடுக்க வேண்டாம், அது வேறு வம்பு. தேதி, ஷிஃப்ட், யாரிடம் ஒப்படைத்தாள் என்று சொந்த டைரியில் குறித்தால் போதும்.

சென்னைக்காரர்கள் ஒரு மாதத்தில் வரச் சொல்கிறார்கள், இங்கே நோட்டீஸ் இரண்டு மாதம் என்கிறாள். முதலில் சென்னையில் இன்னும் 30 நாள் கேட்கட்டும், ஐ.சி.யு. பழகிய நர்சுக்குக் காத்திருப்பார்கள். மாட்டோம் என்றால் மிச்ச நாளுக்கு நோட்டீஸ் பே கட்டலாம், அது அடிப்படைச் சம்பளத்தின் மேலா மொத்தச் சம்பளத்தின் மேலா என்று ஆணையில் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் கணிசமாக வரும்.

கடைசி நாளில், பாக்கி எதுவும் இல்லை என்று கையெழுத்து வாங்கும் நோ டியூஸ் படிவத்தைத் தூக்கிக்கொண்டு பார்மசி, லாண்டரி, ஹாஸ்டல் என்று அலைய விடுவார்கள், அலையட்டும். கையில் வர வேண்டியது ரிலீவிங் ஆர்டர், சேர்ந்த தேதியும் விட்ட தேதியும் ஐ.சி.யு. என்ற வார்த்தையும் உள்ள எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட், அசல் சான்றிதழ்கள். சம்பள பாக்கியை 45 நாளில் தருவோம் என்பது பழைய பழக்கம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி ராஜினாமா செய்தவருக்கு இரண்டு வேலை நாளில் தர வேண்டும். பி.எஃப். பணத்தை எடுக்க வேண்டாம், புது இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். விலகிய தேதியை இவர்கள் போடாமல் இழுத்தடித்தால், கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து அவளே பி.எஃப். இணையதளத்தில் போட்டுக்கொள்ள வழி இருக்கிறது.

ஒருவேளை நாளைக்கே குரல் மாறி, "2,000 ஏத்தித் தர்றோம், இருந்துடும்மா" என்று சொன்னால்? அதை அவள்தான் முடிவு பண்ண வேண்டும். நான் இருக்கச் சொல்ல மாட்டேன், கடிதத்தைக் கிழித்த கை அது.

ஈமெயிலை அனுப்புமுன் எனக்கு ஒருமுறை காட்டச் சொல்லுங்கள், அதோடு பணி நியமன ஆணையையும் பாண்டையும் எல்லாப் பக்கமும் படம் எடுத்து அனுப்பட்டும், பின்பக்கம் உட்பட. இந்த வாரம் அவளுக்கு நைட் என்று எழுதியிருக்கிறீர்கள். பகலில் போன் போட்டு "என்னடி ஆச்சு" என்று கேட்காதீர்கள் அக்கா, தூங்கட்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கூப்பிடுங்கள், சாப்பிட்டாயா என்று மட்டும் கேளுங்கள்.